விளையாட்டுப் பொறிக்குக் கம்பியில்லா இணைப்பு: அமைத்தலும் காத்தலும்

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்துள்ள ஜோகுபாளையம், வீடுகள் நெருங்கி நிற்கும் பழைய குடியிருப்புப் பகுதியாகும். இங்குள்ள சந்துகளில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவராகவும் இருப்பதுண்டு. ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் மற்ற வீடுகளுக்கும் தெரியும்; ஒரு வீட்டின் தொலைக்காட்சி ஒலி மாடிப்படி முழுவதும் கேட்கும். கண்ணுக்குத் தெரியாமலும் காதுக்குக் கேளாமலும் இவ்வாறே சுவர் கடந்து செல்லும் பொருள் ஒன்று இப்போது ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. அதுவே வைஃபை என்று வழங்கும் கம்பியில்லா இணைப்பின் அலை. இப்பகுதியில் நின்று ஒரு கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வரிசையாகத் தோன்றுவது வியப்பன்று.

இந்த அலையைக் கையாளும் சாதனங்களுள் பெரியவர்கள் அதிகம் கவனியாதது ஒன்று உண்டு. அது சிறுவர்களின் விளையாட்டுப் பொறி. கடைக்காரர்கள் இதனைக் கன்சோல் என்பர். கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் காவல் தேவை என்பதை ஒப்புக்கொள்ளும் குடும்பத்தார்கூட, தொலைக்காட்சிக்குக் கீழே கிடக்கும் இப்பெட்டியை ஒரு பொம்மையாகவே கருதுகின்றனர். ஆயினும் அது வீட்டின் இணைய வலையில் முழு உறுப்பினராகச் சேரும் ஒரு கணிப்பொறியே ஆகும். வலையின் பூட்டு எவ்வளவு உறுதியாக இருக்கலாம் என்பதைச் சில வேளைகளில் இப்பொம்மையே நிர்ணயித்து விடுகிறது.

அடாப்டர் என்பது யாது?

முற்காலக் கன்சோல்கள் பலவற்றில் கேபிள் செருகும் துளை மட்டுமே இருந்தது. ரூட்டர் ஓர் அறையிலும் தொலைக்காட்சி மற்றோர் அறையிலும் உள்ள வீட்டில் கேபிளைக் கதவிடுக்கு வழியே இழுத்துச் செல்ல நேர்ந்தது. இத்தொல்லையை நீக்கவே கம்பியில்லா அடாப்டர் தோன்றியது. அது ரேடியோ அலையை வாங்கிப் பொறிக்கு ஏற்ற மின்குறியாகவும், பொறியின் மின்குறியை அலையாகவும் மாற்றித் தருகிறது. சுருங்கக் கூறின், அது ஒரே கூட்டில் அடங்கிய சிறிய ரேடியோ நிலையமும் வாங்கியும் ஆகும். 2005-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் கன்சோலுக்கு இத்தகைய அடாப்டர் தனியே விற்கப்பட்டு, பொறியின் பின்புறத்தில் பொருத்தப்பட்டது. 2010-இல் வந்த புதிய வடிவத்தில் அது பெட்டிக்குள்ளேயே அமைந்துவிட்டது. இன்றைய கன்சோல்களிலும் உள்ளேயே உண்டு. எனினும் பெங்களூர் எஸ்.பி. சாலை போன்ற கடைத்தெருக்களில் பழைய பொறிகளும் அடாப்டர்களும் கைமாறுகின்றன. அங்கு அடாப்டர் என்று மட்டும் கேட்டால் மின்சாரம் தரும் கறுப்புக் கட்டியை எடுத்துக் கொடுப்பர். வைஃபை அடாப்டர் என்று தெளிவாகக் கேட்டல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு நினைவிற்குரியது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே ஒரு காலத்தில் அஞ்சல் நிலையத்தில் உரிமம் பெற வேண்டியிருந்தது. அப்பெட்டி அலையை வாங்க வல்லதே அன்றி, அனுப்ப வல்லதன்று. 1980-களின் நடுப்பகுதியில்தான் அவ்வுரிமம் நீங்கியது. இன்று பேரப்பிள்ளையின் அடாப்டர் அலையை அனுப்பவே செய்கிறது. ஆயினும் உரிமம் கேட்பார் இல்லை. 2005 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் இயங்கும் குறைந்த ஆற்றல் சாதனங்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்தன. அனுப்பியின் ஆற்றல் ஒரு வாட்டுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதிக்கும் இவ்வாறே விலக்கு விரிவாயிற்று. இச்சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. இப்பட்டை பொதுவானது, பிறருக்கு இடைஞ்சல் செய்தல் கூடாது, பிறரால் இடைஞ்சல் நேர்ந்தால் பாதுகாப்புக் கோரவும் இயலாது.

அமைக்கும் முறை

அடாப்டரைப் பொருத்துவது எளிய வேலை. கன்சோலை அணைத்து, அடாப்டரை அதற்குரிய யூ.எஸ்.பி. துளையிலோ கேபிள் துளையிலோ செருகி, மீண்டும் பொறியை இயக்கி, அமைப்புப் பட்டியலில் வலைப்பகுதியைத் திறந்தால், சுற்றுப்புறத்து வலைகளின் பெயர்கள் தோன்றும். தம் வீட்டின் பெயரைத் தேர்ந்து, பாஸ்வேர்டு எனப்படும் கடவுச்சொல்லை இட்டால் இணைப்பு கிட்டும். இதனை எட்டு வயதுச் சிறுவனும் செய்வான். இடர்ப்பாடு தோன்றுவது இதன் பிறகே.

விளையாட்டிற்கு இணையத்தின் அகலத்தைவிட ஒழுங்கே முக்கியம். திரைப்படம் பார்க்கையில் செய்தித் துண்டுகள் சற்றே தாமதமாக வந்தாலும் பொறி அவற்றைச் சேமித்து வைத்துச் சரிசெய்துகொள்ளும். விளையாட்டிலோ, பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தோன்றுவதற்கும் இடையே நொடியின் பத்தில் ஒரு பங்கு கழிந்தாலே ஆடுபவனுக்குத் தெரிந்துவிடும். அலைகள் மோதித் துண்டுகள் சிதைந்தால் அவற்றை மீண்டும் அனுப்ப வேண்டும். அதனால் தாமதம் பெருகும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் தடங்களின் மைய அதிர்வெண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆனால் ஒவ்வொரு வலையும் 20 மெகாஹெர்ட்ஸ் அளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒன்றையொன்று தொடாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. பன்னிரண்டு வீடுகள் மூன்று தடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சந்தில் நெரிசல் இயல்பே. இதற்கிடையில் மைக்ரோவேவ் அடுப்பும் 2450 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே வேலை செய்கிறது. அடுத்த வீட்டில் சாதம் சுடவைக்கும்போது இவ்வீட்டில் ஆட்டம் தடைப்படுவது அதனால் ஆகலாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் தடங்கள் மிகுதி; ஆனால் அவ்வலை சுவரில் விரைவில் வலுவிழக்கும். நெருக்கமான குடியிருப்பில் இக்குறையே நன்மையாகிறது. தம் வீட்டு அலை பிறர் வீட்டிற்குக் குறைவாகச் செல்லும்; பிறர் அலையும் அவ்வாறே. ஆகவே, கன்சோலுக்கு அப்பட்டை பொருந்துமாயின், ரூட்டரும் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்குமாயின், அதனைத் தேர்வதே தக்கது. ரூட்டரைப் பீரோவின் பின்னாலும் நீர்த்தொட்டியின் அருகிலும் வைத்தல் கூடாது. இரும்பும் நீரும் அலைக்குப் பகை.

சுவர் தடுக்காது

சுவருக்கு அப்பால் அலை செல்லும் என்பது புதிய செய்தியன்று. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள், சுவர்களுக்கு அப்பால் இருந்த மணியை மின்காந்த அலையால் ஒலிக்கச் செய்து காட்டினார். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இன்றைய வைஃபை அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். செங்கற்சுவர் அதன் வலிமையைக் குறைக்குமேயன்றி, அதனை நிறுத்திவிடாது. ஆகவே, வீட்டிற்குள் ஓடும் செய்தியைத் தெருவில் நிற்பவனும் கேட்கலாம். அவன் கேட்டும் பொருள் அறியாதபடி செய்வதே பூட்டு.

பூட்டில்லாத வலை என்ன விளைவிக்கும் என்பதை 2008-ஆம் ஆண்டு நாடு கண்டது. அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன், அதற்குப் பொறுப்பேற்கும் மின்னஞ்சல் ஒன்று செய்தி நிறுவனங்களுக்கு வந்தது. அது புறப்பட்ட இணைய முகவரி, நவி மும்பையில் ஒரு குடியிருப்பைக் காட்டியது. அங்கு வாழ்ந்தவர் விசாரணைக்கு உள்ளானார். அவருடைய கணிப்பொறிகளும் சோதிக்கப்பட்டன. அவ்வீட்டின் வைஃபைக்குப் பூட்டு இல்லை என்பதும், வெளியார் அதனைப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதும் பின்னரே வெளிப்பட்டன. அடுத்த இரு மாதங்களில் மும்பையின் வேறு இடங்களிலிருந்தும் இவ்வாறே பிறருடைய வைஃபை வழியாக அஞ்சல்கள் சென்றன. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக அமைப்பது குறித்து இணைய சேவை நிறுவனங்களுக்கு ஆணை பிறப்பித்தது. இணைய முகவரி ஒரு வீட்டைத்தான் சுட்டும். அவ்வீட்டில் எந்த மனிதர் என்பதைச் சுட்டாது. கதவைத் தட்டுபவர் முதலில் வருவது அவ்வீட்டிற்கே.

பழைய பூட்டு எவ்வாறு உடைந்தது?

வைஃபைக்கான முதல் தரநிர்ணயம் 1997-இல் வெளிவந்தபோது, அதனுடன் வெப் என்னும் பூட்டும் வந்தது. அதன் குறையைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே விளக்கலாம்.

471 என்பது அனுப்ப வேண்டிய செய்தி என்க. 358 என்பது இரகசிய எண். ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே கூட்டி, பத்துக்கு மேற்படின் பத்தை விட்டுவிட்டால், 729 கிடைக்கும். கேட்பவனுக்கு 729 மட்டுமே தெரியும். அதைக் கொண்டு அவன் ஒன்றும் அறியான். இனி, இரண்டாவது செய்தி 602 என்க. அதே இரகசிய எண்ணைக் கூட்டினால் 950 வரும். இப்போது கேட்பவன் இரண்டாவதிலிருந்து முதலாவதை, அதே முறையில், இலக்கத்திற்கு இலக்கம் கழிக்கிறான்: 231. மூலச் செய்திகளாகிய 602-இலிருந்து 471-ஐ அவ்வாறே கழித்தாலும் 231 தான். இரகசிய எண் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டது! இனி ஒரு செய்தியை ஊகித்தால் போதும். மற்றது தானே வெளிப்படும். ஆகவே, ஒரே இரகசிய எண்ணை இருமுறை பயன்படுத்தலாகாது என்பது இம்முறையின் உயிர்நிலையான விதி.

வெப் முறையை வகுத்தோர் இதனை அறியாதவர் அல்லர். ஒவ்வொரு செய்தித் துண்டிற்கும் இரகசியத்தை மாற்றுவதற்காக, 24 பிட் கொண்ட ஓர் எண்ணைச் சாவியுடன் சேர்த்தனர். அதற்கு 1,67,77,216 வடிவங்கள் உண்டு. இது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால், ஒரு வகுப்பில் 23 மாணவர்கள் இருந்தாலே இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அதே கணக்கின்படி, அவ்வெண்கள் குலுக்கல் முறையில் வருமாயின், ஐயாயிரம் துண்டுகளுக்குள்ளாகவே ஓர் எண் மீண்டும் வந்துவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல். சிறுவன் ஆட்டத்தைத் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அத்தனை துண்டுகள் பறந்துவிடும். இதைவிடப் பெரிய ஓட்டையை 2001-இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் ஆகிய மூவர் கண்டனர்: துண்டுகளைச் சேர்த்து ஆராய்ந்தால் சாவியையே மீட்டுவிடலாம். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆராய்ச்சியாளர்கள் இவ்வேலையை ஒரு நிமிடத்திற்குள் செய்து காட்டினர்.

விளையாட்டுப் பொறி கதையில் நுழைவது இவ்விடத்தில்தான். 2004-இல் வெளிவந்த நின்டெண்டோ டி.எஸ். என்னும் கையடக்கப் பொறி வெப் பூட்டை மட்டுமே அறியும். அப்பொறி வெளிவந்த ஆண்டிலேயே, வெப்பைவிட உறுதியான டபிள்யூ.பி.ஏ. 2 என்ற பூட்டும் ஏற்பாடாகியிருந்தது. குழந்தை கேட்கிறது என்பதற்காகத் தந்தை ரூட்டரின் பூட்டை வெப்பிற்கு இறக்கினால், அப்பொறிக்கு மட்டுமா இறங்கியது? அதே பெயருள்ள வலையில் சேர்ந்திருக்கும் கணிப்பொறி, கைப்பேசி, தாயாரின் அலுவலக மடிக்கணினி ஆகிய யாவும் அன்றே ஒரு நிமிடப் பூட்டிற்குள் வந்துவிடும். வாசலில் ஏழு நெம்புகோல் பூட்டு இருந்தும், பூனை போவதற்கெனப் புழைக்கடைக் கதவைத் திறந்து வைத்தது போன்றதே இது. டி.எஸ். பொறியின் இணைய ஆட்டச் சேவை 2014 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. எனினும் அக்காலத்தில் மாற்றிய ரூட்டர் அமைப்பைப் பின்னர் யாரும் திரும்பப் பார்க்காத வீடுகள் இருக்கக்கூடும். களப்பணியாளர் ஒரு வீட்டில் வெப் என்ற சொல்லைக் கண்டால், அதற்குக் காரணமான பொறி இன்னும் உண்டா என்று கேட்டறிந்து, உடனே மாற்றச் செய்தல் வேண்டும். பழைய பொறியை விட மனமில்லையெனில் அதைக் கேபிளில் இணைக்கலாம். கேபிள் துளை இல்லாத பொறியை வலையிலேயே சேர்க்காமல் விளையாடலாம். அதன் ஆட்டங்கள் இணையமின்றியும் ஓடும்.

நல்ல பூட்டும் கெட்ட சாவியும்

டபிள்யூ.பி.ஏ. 2 பூட்டில், கடவுச்சொல்லையும் வலையின் பெயரையும் சேர்த்து 4,096 முறை அரைத்து ஒரு சாவி செய்யப்படுகிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாதது போல, சாவியிலிருந்து கடவுச்சொல்லை மீட்க இயலாது. ஆனால் திருடன் வேறு வழியில் வருவான். பொறி வலையில் சேரும் கணத்தில் நிகழும் உரையாடலை ஒருமுறை பதிவு செய்துகொண்டு, தன் வீட்டிற்குச் சென்று, ஒவ்வொரு சொல்லாக அரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பான். இன்றைய உயர்தர கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இவ்வாறு சோதிக்கும். அந்த அட்டையும் விளையாட்டிற்கென்றே ஆக்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை.

நொடிக்குப் பத்து லட்சம் என்றே கொண்டு கணக்கிடலாம். பிறந்தநாளை எட்டு இலக்கமாக எழுதிக் கடவுச்சொல்லாக வைத்தோர் பலர். நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 36,500 நாட்கள். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கைப்பேசி எண்ணை வைத்தோர் இன்னும் பலர். பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை எனின், 400 கோடி எண்கள். ஒரு மணி ஏழு நிமிடத்தில் முடியும். இதற்கு மாறாக, குலுக்கல் முறையில் எடுத்த பன்னிரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளுக்கு மூவாயிரம் ஆண்டுகள் ஆகும்.

இங்கு கன்சோலுக்கே உரிய சங்கடம் ஒன்றுண்டு. அதற்குத் தட்டச்சுப் பலகை இல்லை. கைப்பிடியால் அம்புக்குறியை நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, குறியீடு என்று மாறி மாறித் தேடுவதில் சலிப்புற்று, வீட்டார் கடவுச்சொல்லையே சுருக்கிவிடுகின்றனர். இதற்கு நல்ல மாற்று உண்டு. ஆயிரம் எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து சொற்களை எடுத்து, சிறிய ஆங்கில எழுத்துகளில் தொடர்ந்து எழுதலாம். ஓலை, நண்டு, மேகம், கரண்டி, சாவடி என்பன போன்று ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக அவை வரும். பட்டியல் திருடனிடம் இருந்தாலும் அவன் சோதிக்க வேண்டியவை ஐந்து ஆயிரங்களை ஒன்றோடொன்று பெருக்கிய அளவு, அதாவது நூறு கோடியின் பத்து லட்சம் மடங்கு; முழுவதும் முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல். மனத்திலும் நிற்கும். பழமொழியையோ திரைப்பாட்டின் முதலடியையோ வைத்தல் கூடாது. குலுக்கலில் வந்ததே வலிமை.

கடவுச்சொல்லைத் தட்டும் தொல்லையை நீக்குவதாகக் கூறும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியும் ரூட்டர்களில் உண்டு. அதன் எட்டு இலக்க எண் பத்துக் கோடி வடிவங்கள் கொண்டதாகத் தோன்றினும், ரூட்டர் அதனை இரு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ சரிபார்ப்பு எண். ஆகவே 10,000-மும் 1,000-மும் கூட்டி, 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011 டிசம்பரில் வெளியாயிற்று. இவ்வசதியை அணைத்து வைத்தலே நலம்.

2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ. 3, உரையாடலைப் பதிவு செய்து வீட்டில் அரைக்கும் வித்தைக்கு இடந்தராது. ரூட்டரும் கன்சோலும் இரண்டும் அதனை அறியுமாயின் அதுவே முதல் தேர்வு. அன்றி, ரூட்டரில் விருந்தினர் வலை என்னும் இரண்டாம் பெயர் அமைக்க இயலுமாயின், கன்சோலை அதில் விட்டு, கணிப்பொறிகளை முதல் வலையில் வைக்கலாம். அண்டை வீட்டாருக்கு இணையம் கொடுக்க விரும்புவோரும் இரண்டாம் பெயரையே கொடுக்க வேண்டும். டபிள்யூ.பி.ஏ. 2-இல் ஒரே கடவுச்சொல்லை அறிந்தவர், பிறருடைய இணைப்பு நிகழும்போது கேட்டிருந்தால், அவர்களின் செய்தியையும் பிரிக்க இயலும். வங்கிகள் போன்ற தளங்கள் தமக்கெனத் தனிப்பூட்டு வைத்திருப்பதால் இவ்வபாயம் முன்போல் பெரிதன்று. ஆனால் இல்லாமலும் இல்லை.

காவல் போலத் தோன்றி, காவல் ஆகாதவை இரண்டு. வலையின் பெயரை மறைத்து வைத்தல் ஒன்று. பொறிகள் அப்பெயரைத் தாமே உரக்கச் சொல்லி அழைப்பதால் அது வெளிப்பட்டுவிடும். குறிப்பிட்ட பொறிகளின் எண்களை மட்டும் அனுமதித்தல் மற்றொன்று; அவ்வெண்கள் பூட்டின்றியே காற்றில் செல்வதால் எவரும் போலி செய்யலாம். இவற்றில் நேரம் செலவிடுவதைவிட, ரூட்டரின் மேலாண்மைப் பக்கத்திற்கு நிறுவனம் இட்டுத்தந்த பொதுக் கடவுச்சொல்லை மாற்றுதல் பன்மடங்கு பயன் தரும்.

வகுப்பில் செய்து காட்ட

கைப்பேசி ஒன்றை ஹாட்ஸ்பாட்டாக வைத்து, அலையின் வலிமையை டி.பி.எம். அளவில் காட்டும் செயலியை மற்றொன்றில் திறந்துகொள்க. அளவு எதிர்மறை எண்ணாகத் தோன்றும்: 40 எனின் வலிது, 70 எனின் போதுமானது, 90 எனின் இணைப்பு அறும் நிலை. பத்து எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாயிற்று என்று பொருள். திறந்தவெளியில் இரு மடங்கு தொலைவு சென்றால் வலிமை கால்பங்காகி, ஏறத்தாழ 6 எண் குறையும். பின்னர் ஹாட்ஸ்பாட் கைப்பேசியை எவர்சில்வர் தூக்கில் இட்டு மூடுக. எண் சட்டென்று வீழும். ஆனால் மூடியின் இடுக்கு வழியே சிறிது கசிவதையும் மாணவர் காண்பர். கடைசியாக, வகுப்பறைக் கதவை மூடிவிட்டு, எத்தனை அறைகள் தாண்டியும் பெயர் தெரிகிறது என்று நடந்து பார்க்கச் செய்க. தம் வீட்டு அலை தெருவில் எதுவரை செல்கிறது என்பதை அவர்கள் அன்று மாலையே அளந்து வருவர்.

பழைய கன்சோலையோ அடாப்டரையோ விற்கும்போதும், பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. கன்சோல் தான் சேர்ந்த வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். கேபிள் துளையில் செருகும் வகை அடாப்டரும் அவ்வாறே. அமைப்புப் பட்டியலில் தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் கட்டளையைக் கொடுத்து அவற்றை அழித்த பின்னரே பெட்டி கடைக்குச் செல்ல வேண்டும். பொறி இயங்காமல் அழிக்க இயலாது போயின், அதனை விற்ற அன்றே ரூட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிடுக.